அண்ணனுக்காக நடந்த நடை

முனியம்மா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தாள். இந்தக் கோடியில் தண்ணீர்த் தொட்டி, அந்தக் கோடியில் மருந்து கட்டும் அறை. தொட்டியைத் தொட்டதும் திரும்புவாள். அறைக் கதவை எட்டியதும் திரும்புவாள். மலையில் கல்லையும் முள்ளையும் மிதித்துப் பழகிய பாதங்களுக்கு அந்தச் சிமெண்டுத் தரை ஏதோ ஒரு பெரிய மிருகத்தின் வழவழப்பான முதுகைப் போல இருந்தது. எங்கே அழுத்தினாலும் பிடிப்பு இல்லை. ஆனாலும் நடந்தாள்.

ஆண்கள் வார்டின் ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே பார்த்துக்கொண்டாள். அவளுடைய அண்ணன் சக்கரவர்த்தி மல்லாந்து கிடந்தார். வயிற்றில் பெரிய கட்டு. விரல்கள் மட்டும் கட்டில் இரும்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. வாழ்நாளில் பகலில் படுத்தறியாத மனிதர். கூரையிலிருக்கும் பல்லியை அவர் பார்க்கிற பார்வையில், எழுந்துபோய் அதைத் துரத்தக்கூட முடியவில்லையே என்கிற கோபம் இருந்தது.

வார்டிலிருந்து பிலோமினாள் சிஸ்டர் தட்டோடு வெளியே வந்தாள். இரண்டு வார்டுகளுக்கும் அவள் ஒருத்தி. எப்போதும் ஓட்டம்தான்.

"இன்னாம்மா, அண்ணன நடக்க வெச்சீங்களா?"

"நடந்தாருங்க. அதோ அந்தத் தொட்டி வரிக்கும் போய்ட்டு வந்தாரு."

"மூச்சு வாங்கிச்சா?"

"இல்லீங்க."

"நல்லது. சாயங்காலமும் நடக்கணும். வுட்றாதீங்க."

சிஸ்டர் போய்விட்டாள். முனியம்மா தொட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் சொன்னது முழுப்பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தொட்டி வரைக்கும் ஒரு நடை நடக்கப்பட்டிருக்கிறது. நடந்த கால்தான் வேறு. ஒரே தாயின் வயிற்றில் கிடந்த இரண்டு பேர். அவருக்குள் ஓடுவதுதான் இவளுக்குள்ளும் ஓடுகிறது. அண்ணன் எத்தனை நடை நடக்கவேண்டுமோ அத்தனையையும் அவள் நடந்துவிட்டால், கேட்கிறவர்களுக்குக் கணக்கு சரியாகத்தானே இருக்கும்? இப்படி நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக நடந்தாள்.

போன வெள்ளிக்கிழமை வரை ஆஸ்பத்திரி என்ற ஒன்று இருப்பதே அவர்களுக்கு மறந்திருந்தது. புளி உலுக்கி, காய வைத்து, ஓடு நீக்கி மூட்டை கட்டுகிற காலம். சக்கரவர்த்திக்கு அடிவயிற்றில் பல வருஷமாக ஒரு புடைப்பு உண்டு. மூட்டை தூக்கினால் வெளியே வரும். படுத்துக்கொண்டு கையால் அமுக்கினால் உள்ளே போகும். அன்றைக்கு வெளியே வந்தது உள்ளே போகவில்லை. மத்தியானத்துக்குள் வயிறு பலகையாகிவிட்டது. பச்சையாக வாந்தி. முகத்தில் ரத்தமே இல்லை.

ஊர்க்காரர்கள் கம்பளியை மூங்கிலில் தூளி போலக் கட்டி, அவரை உள்ளே சுருட்டிப் போட்டுத் தூக்கினார்கள். டோலிக்கு முன்னால் தோள் கொடுத்தவன் வேடியப்பன். செத்துப்போன அண்ணிக்குத் தம்பி. பின்னாலேயே முனியம்மா ஓடினாள். மலையிலிருந்து இறங்கும் வழியில், கணவாய் முடிகிற இடத்தில், வேப்பமரத்தடியில் காளியம்மன் கல் நிற்கிறது. தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்கிற இடம் அதுதான்.

முனியம்மாவின் புருஷனையும் ஒரு காலத்தில் இதே வழியாகத்தான் தூக்கிப்போனார்கள். ஜுரம். அன்றைக்கு அவள் வீட்டில் கைக்குழந்தையோடு இருந்துவிட்டாள். காளியிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டுமென்று தோன்றவில்லை. சாயங்காலம் அதே மூங்கிலில் அதே கம்பளி திரும்பி வந்தது. தூக்கியவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதனால்தான் இந்தமுறை கல்லின் முன்னால் விழுந்து, எல்லோர் காதிலும் விழும்படி கத்தினாள்: "ஆத்தா! தூக்கினு போறவன உசுரோட தூக்கினு வந்து உன் வாசல்ல எறக்கறேன். அது வரிக்கும் அவன் காலு தரையில படாது. பட்டா என்னைக் கேளு!"

"கேட்டுகினோம்," என்றான் வேடியப்பன். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அவர்கள் ஊரில் அது போதும். டோலி தூக்குகிறவர்கள் சாட்சியாகச் சொன்ன வேண்டுதலை யாரும் விழுங்கிவிட முடியாது.

கம்பளிக்குள் முனகிக்கொண்டிருந்தவருக்கு இது எதுவும் தெரியாது.

அடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏசுராஜ் அவருடைய வயிற்றைத் தொட்ட மாத்திரத்தில் உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதுகில் ஊசி, வயிற்றில் கத்தி. சிக்கிக்கொண்ட குடலில் கறுத்துப்போன ஒரு துண்டை வெட்டிவிட்டு மீதியை ஒட்டித் தைத்தார்கள். உயிர் தங்கிவிட்டது. வேண்டியதில் பாதியைக் காளி செய்துவிட்டாள், மீதி என் கையில் என்று முனியம்மா நினைத்தாள்.

மறுநாளே பிலோமினாள் சிஸ்டர் வந்து நின்றாள். "வயசானவங்க ஆபரேஷன் ஆனதும் படுத்தே கெடக்கக் கூடாது. கால்ல ரத்தம் ஓட்டம் கொறஞ்சி கட்டியாய்டும். நெஞ்சில சளி தங்கிடும். நாளையிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா நடக்க வெக்கணும், தெரிஞ்சதா?"

மருந்து மயக்கத்தில் சக்கரவர்த்தி தூங்கிக்கொண்டிருந்தார். முனியம்மா தலையாட்டினாள். அவள் காதில் அதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது: நடக்க வைக்கவேண்டும். கண்ணெதிரே காளியம்மன் கல் எழுந்து நின்றது.

அண்ணன் கண் விழித்ததும் அவரிடம் வேறொன்று சொன்னாள். "டாக்டரு காலைக் கீழ வெக்கக் கூடாதுன்னுட்டாரு."

"பக்கத்துக் கட்டிலுக்காரரு நடக்கறாரே?"

"அவருக்கு சின்னத் தையலு. உனுக்குக் கொடலையே வெட்டி ஒட்டிக் கீறாங்க. எறங்கினா பிரிஞ்சிக்குமாம்."

"சிஸ்டரம்மா நட நடன்னு சொல்லிகினு போச்சே."

"அந்தம்மா எல்லாருக்கும் அதையே சொல்லும். உன்னுது டாக்டரு தனியா கூப்டு சொன்னது."

சக்கரவர்த்தி தங்கையை நம்பினார். மலையில் அவர் யாரையும் நம்பாமல் இருந்ததில்லை. ஆனால் உடம்பு நம்ப மறுத்தது. புரள முடியாது, எழ முடியாது. பீடி கேட்டால் கிடையாது. முற்றத்தில் காயப்போட்ட புளியின் நினைப்பு வேறு. "மழ வந்தா பூசணம் புடிச்சிடும், முனி. யாராவது அள்ளினாங்களா இல்லியா தெரியலயே," என்று ஒரு நாளைக்குப் பலமுறை கேட்டார். கேட்கிறபோதெல்லாம் கால் விரல்கள் மடங்கி விரிந்தன. நாளாக ஆக அதுவும் நின்றுபோனது.

அவருக்குக் கிடைத்த ஒரே விளையாட்டு, சிஸ்டர் கொடுத்த இரட்டைப் பாட்டில். ரப்பர் குழாயால் இணைத்த இரண்டு கண்ணாடி பாட்டில்கள், ஒன்றில் சிவப்புச் சாயத் தண்ணீர். வாயால் ஊதி அந்தத் தண்ணீரை அடுத்த பாட்டிலுக்குத் தள்ளவேண்டும். நுரையீரல் விரியுமாம். முதல் நாள் தண்ணீர் அசையவேயில்லை. பிறகு கொஞ்சம் ஏறியது.

"ஊதுங்க மாமா, ஊதுங்க," என்று அடுத்த கட்டிலிலிருந்து பஞ்சாட்சரம் உசுப்பிவிடுவார். படவேட்டுப் பக்கம் கரும்பு போடுகிறவர். மூத்திரக் கல் எடுத்திருந்தார்கள். இடுப்பில் ஒரு குழாய், கையில் மூத்திர பாட்டில். அதைக் கோயில் தீர்த்தச் சொம்பு போலப் பிடித்துக்கொண்டு வார்டு முழுவதும் உலா வருவார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

அன்றைக்குத் தாழ்வாரத்தில் முனியம்மாவோடு சேர்ந்து நடந்தார். "ஏம்மா, நீ நடக்கறது அண்ணனுக்கு ஒட்டுமா?"

முனியம்மா நின்றுவிட்டாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா நீ சோறு தின்னா அவரு வயிறு ரொம்பாதில்ல? அதான் கேட்டேன்."

"உங்க பாட்டில பாத்துகினு போங்கண்ணா. சிந்திடப் போவுது," என்றாள் அவள்.

மறுநாள் காலையில் சக்கரவர்த்தி இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்றார். பார்த்தால் இடது கால் வலது காலைவிடத் தடித்திருந்தது. தொட்டால் சூடு. தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்திருந்தது. படுத்தே கிடப்பதால் வாயு பிடித்துக்கொண்டது என்று முனியம்மா முடிவு செய்தாள். மலையில் காட்டுப்பன்றிக்குப் பயந்து குதித்தவனுக்கும், நாள் முழுக்கச் சாமைக் களத்தில் நின்றவளுக்கும் அவள்தான் காலை நீவிவிடுவாள். அவள் கைக்கு இறங்காத வீக்கம் ஊரில் இல்லை என்பார்கள். மூட்டையிலிருந்து விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கட்டைவிரலால் அழுத்தி நீவினாள்.

"ஆ! வுடுடி! உசுரு போவுது!"

"கொஞ்சம் பொறுத்துக்கோ. எறங்கிடும்."

"எறங்கறது இருக்கட்டும், நீ மொதல்ல என் கால வுட்டு எறங்கு!"

பஞ்சாட்சரம் சிரித்தார். முனியம்மாவும் சிரித்துக்கொண்டே நீவினாள். சாயங்காலம் இன்னொருமுறை நீவினாள்.

அதற்கு அடுத்த காலை விடிந்தபோது சக்கரவர்த்தி வேறு ஆளாக இருந்தார். மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது, ஓடி வந்தவனைப் போல. வலது விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு, "குத்துது... குத்துது..." என்றார். நெற்றியில் வியர்வை, உடம்பில் காய்ச்சல். இருமியபோது எச்சிலில் ஒரு சிவப்பு இழை ஓடியது. பாட்டிலை வாயருகே கொண்டுபோனாள். சாயத் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது.

டாக்டர் ஏசுராஜ் ஓட்டமாக வந்தார். ஒல்லியான மனிதர். பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், வயிற்றை அங்கங்கே அழுத்தினார். அழுத்திய இடமெல்லாம் சக்கரவர்த்தி முனகினார். தையல் போட்ட வயிறு, முனகத்தான் செய்யும்.

"நடக்க வெச்சீங்க இல்ல, சிஸ்டர்?"

"தினமும் நடந்திருக்காரு டாக்டர். தொட்டி வரைக்கும் போய் வர்றாரு. இந்த வார்டுலேயே நல்லா நடந்தது இவர்தான்."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "மூச்சுப் பயிற்சியும் பண்ணியிருக்காரு... இவ்வளவு நடந்தவருக்குக் கால்ல கட்டியாகறது கஷ்டம். அப்போ கொடல்ல ஒட்டுன எடம்தான் கசியுதோ என்னவோ. சீழ் மேலே ஏறி நெஞ்சை அமுக்கினாலும் இப்படித்தான் மூச்சு வாங்கும்." கொஞ்சம் யோசித்தார். "தியேட்டரை ரெடி பண்ணுங்க. தெறந்து பாத்துடலாம்."

"இந்த மூச்சுலயா டாக்டர்?" என்றாள் பிலோமினாள்.

"வேற வழி? உள்ள கசிஞ்சிகிட்டு இருந்தா நாளைக்குத் தாங்க மாட்டாரு. தெறந்தாலும் தாங்குவாரான்னு சொல்ல முடியல. ஏம்மா, நீங்கதானே கூடப் பொறந்தவங்க? கையெழுத்துப் போடணும்."

முனியம்மாவின் கை கட்டில் இரும்பைப் பிடித்திருந்தது. சிஸ்டர் சொன்னது ஒவ்வொன்றாக இப்போதுதான் அவளுக்குள் இறங்கியது: கால்ல ரத்தம் ஓட்டம் கொறஞ்சி கட்டியாய்டும். தாழ்வாரத்தில் அவள் நடந்த நடையெல்லாம் அவள் காலிலேயே தங்கிவிட்டது. ஒன்றுகூட இந்தச் சுவரைத் தாண்டி உள்ளே வரவில்லை. அவள் வாயால் சொன்ன நடையை நம்பி இந்த மனிதர் இப்போது தவறான இடத்தைக் கிழிக்கப் போகிறார்.

வாயைத் திறந்தால் வேண்டுதல் போய்விடும். திறக்காவிட்டால் அண்ணன் போய்விடுவான்.

"நடக்கலீங்க," என்றாள்.

"என்னம்மா?"

"எங்கண்ணன் நடக்கவே இல்லீங்க. ஒரு நாளும் எறங்கல. நான்தான் நடந்தேன்."

பிலோமினாள் சிஸ்டரின் கையிலிருந்த தட்டு சாய்ந்து, பஞ்சு உருண்டைகள் தரையில் சிதறின. "என்கிட்ட தொட்டி வரிக்கும் போனாருன்னு சொன்னியேம்மா! ஒவ்வொரு நாளும் சொன்னியே!"

"சொன்னேன். கட்டில வுட்டு அசைய வுடல நானு. கெண்டக் கால்ல வலின்னாரு, வீங்கிக் கெடந்திச்சி. எண்ண போட்டு நீவினேன்."

டாக்டர் போர்வையைக் காலிலிருந்து விலக்கினார். இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடது பாதத்தைப் பிடித்து மெல்ல மேல்நோக்கி மடக்கினார். சக்கரவர்த்தி அலறினார். வயிற்றைத் தொட்டபோதுகூட அப்படி அலறவில்லை.

"நேத்து நீவினீங்களா?"

"ரெண்டு தடவ."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்; துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "தியேட்டர் வேணாம், சிஸ்டர்," என்றார். பிறகு முனியம்மாவின் பக்கம் திரும்பினார். கத்தப்போகிறார் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் கத்தவில்லை. "அசையாம கெடந்த ரத்தம் கால் நரம்புக்குள்ள தயிர் மாதிரி உறைஞ்சிடுச்சி. அதுல ஒரு துண்டு பிச்சிகிட்டுப் போய் நுரையீரல்ல அடைச்சிருக்கு. சின்னத் துண்டு. பெரிசா இருந்தா நாம இப்போ பேசிகிட்டிருக்க மாட்டோம். கால்ல இன்னும் இருக்கு. அதைத் தொடாதீங்க. யாரும் தொடக் கூடாது."

"பொழச்சிக்குமாங்களா?"

"இன்னொரு துண்டு போகாம இருந்தா."

கட்டிலிலிருந்து இழுத்து இழுத்து ஒரு குரல் வந்தது. "ஏ முனி... டாக்டரு... கால வெக்காதன்னு... சொல்லவே இல்லியா?"

அவள் குனிந்து, தரையில் சிதறிய பஞ்சைப் பொறுக்கத் தொடங்கினாள்.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற ஊசி மருந்து வேலூரிலிருந்து வரவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி டிரைவர் பஸ் ஏறிப் போயிருந்தார். அதுவரை செய்ய ஒன்றுமில்லை. அண்ணனின் காலுக்கடியில் தலையணை வைத்து உயர்த்தி, மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். முனியம்மாவுக்குக் கால் பரபரத்தது. எழுந்தாள். தாழ்வாரத்தின் தரையைப் பார்த்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் ஜன்னலுக்கு ஓடினாள். ஒன்று கண்ணமங்கலத்துக்குப் போயிற்று, ஒன்று போளூருக்குப் போயிற்று. ஜன்னலில் நின்றால் மலை தெரிந்தது. வெயிலில் அது மிக அருகில், மூச்சு விடுகிற ஏதோ ஒன்று படுத்திருப்பதைப் போல இருந்தது. அண்ணனின் நெஞ்சைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். எதன் மூச்சு முதலில் நிற்கும் என்று காத்திருப்பவளைப் போல மாறி மாறிப் பார்த்தாள்.

வெயில் சாய்வதற்குள் டிரைவர் வந்துவிட்டார்.

ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு அவ்வப்போது ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழலில் விட்டு, சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் ஓடுகிறதா, உறைகிறதா என்று. சீக்கிரம் உறைந்தால் மருந்து பற்றாது. உறையவேயில்லையென்றால் வயிற்றுத் தையலிலிருந்து ரத்தம் கசிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே நிறுத்தவேண்டும். குழல் சாயும்போதெல்லாம் முனியம்மாவின் கழுத்தும் கூடவே சாய்ந்தது.

இதில் டாக்டர் ஓர் உத்தரவு போட்டார். காலில் உள்ள கட்டி பிய்ந்து போகாமல் அங்கேயே ஒட்டிக்கொள்கிற வரை, ஒரு வாரத்துக்கு, சக்கரவர்த்தி கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது. காலைத் தரையில் வைக்கவே கூடாது.

அவள் அண்ணனிடம் சொன்ன பொய் அப்படியே டாக்டரின் வாயிலிருந்து உத்தரவாக வந்தது. முனியம்மாவுக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

சக்கரவர்த்திக்கு மூச்சு கொஞ்சம் சமனப்பட்டதும் அவர் தங்கையோடு பேசுவதை நிறுத்தினார். எல்லாம் பஞ்சாட்சரத்தின் வழியாகத்தான்.

"அந்தம்மாவ தண்ணி குடுக்கச் சொல்லுங்க."

"ஏம்மா, அண்ணனுக்குத் தண்ணி வோணுமாம்."

"எடுத்துக்கச் சொல்லுங்க, கையிலதான் கீது."

"மாமா, கையிலதான் கீதாம். நான் இன்னா, தந்தி ஆபீசா?"

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் பஞ்சாட்சரத்துக்குக் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பாட்டில் இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டிக்கொண்டே, "இனிமே நீங்களே பேசிக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டில் காலியானதும் வார்டு அகலமாகிவிட்டது. சக்கரவர்த்தி வெகுநேரம் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்டி செஞ்ச?" என்றார் கடைசியில்.

அவள் சொன்னாள். காளியம்மன் கல், வேடியப்பன், மற்ற மூன்று பேர், அவர்கள் தலையாட்டியது. பிறகு தன் புருஷனைத் தூக்கிக்கொண்டு வந்த சாயங்காலம். அதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "அப்ப நான் ஒரு வார்த்த வேண்டிகினு இருந்தா திரும்பி வந்திருக்குமோன்னு... அந்த மூங்கிலப் பாக்கும்போதெல்லாம் தோணும். அதான், இந்த வாட்டி பெரிசா வேண்டிகினேன்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"நீ வாயத் தொறந்தா வாந்திதான் எடுத்துகினு இருந்த."

சக்கரவர்த்தி சிரிக்கப் பார்த்தார். விலாவில் குத்தியது. பிடித்துக்கொண்டு நிறுத்தினார். "தண்ணி குடு," என்றார். அவளைப் பார்த்தே கேட்டார்.

டாக்டர் சொன்ன நாள் வந்தது. வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிட்டது. கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு மேல் வரை காலைத் துணிப்பட்டையால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பிலோமினாள் சிஸ்டர் இந்தமுறை யார் பேச்சையும் நம்புவதாக இல்லை. தானே வந்து கட்டிலருகே நின்றாள். சக்கரவர்த்தியைத் திருப்பிக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். இரண்டு கால்களும் அந்தரத்தில் தொங்கின. பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு கை உயரம்.

முனியம்மாவின் கண் அந்த இடைவெளியைவிட்டு அகலவில்லை.

"எறங்குங்க," என்றாள் சிஸ்டர்.

சக்கரவர்த்தி அசையவில்லை. "அவ சொல்லட்டும்," என்றார்.

"யாரு?"

"வேண்டிகினவ அவ. அவ எறங்கச் சொன்னா எறங்கறேன். நானா எறங்கினா நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா, என்னால வந்திச்சின்னு அழுவா. எனக்கு அந்தப் பேஜாரு வோணாம்."

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். முனியம்மா அண்ணனின் பாதங்களைப் பார்த்தாள். இத்தனை நாள் கிடையில் அவை வெளுத்து, சாமைமாவு பூசியதைப் போல இருந்தன. மலையில் பிறந்தவனுடைய பாதங்கள் போலவே இல்லை. ரத்தம் போய் வராத இடம் இப்படித்தான் இருக்கும் போல. கல்லின் முன்னால் அவள் கத்தியது உண்மை. நால்வர் கேட்டதும் உண்மை. வேண்டுதல் தவறினால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது. தவறாமல் இருந்தபோது என்ன வந்தது என்று கண்ணால் பார்த்துவிட்டாள்.

"எறங்குண்ணா," என்றாள். அவர் முகத்தைப் பார்த்து இன்னொருமுறை சொன்னாள். "எறங்கு. நான் சொல்றேன், எறங்கு."

இடது பாதம் தரையைத் தொட்டது. பிறகு வலது. "சில்லுன்னு கீது," என்றார் சக்கரவர்த்தி. அவள் தோளில் கை வைத்து எழுந்தார். அவருடைய கனம் முழுவதும் அவள்மேல் இறங்கியது. இருவரும் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். தொட்டி வரைக்கும் போய்ச்சேர வெகுநேரமாயிற்று. அங்கே அவர் தொட்டி விளிம்பைத் தொட்டுக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"இத்தன தூரமா நீ எனக்காக நடந்த?" என்று கேட்டார்.

இன்னும் சில நாள் ஊசிக்குப் பதில் மாத்திரை, அதற்கும் ரத்தப் பரிசோதனை என்று ஓடின. வயிற்றுத் தையல் பிரித்தார்கள். வேடியப்பனும் மற்ற மூவரும் மூங்கிலோடும் கம்பளியோடும் வந்தார்கள். புளியை மழைக்கு முன்பே அள்ளியாகிவிட்டதாம். டாக்டர் ஏசுராஜ் மூங்கிலைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "இதுக்குள்ள கால மடக்கிச் சுருட்டிக்கிட்டு மலை ஏறுற வரைக்கும் கெடக்கக் கூடாது. கொஞ்சம் தூக்குங்க, கொஞ்சம் நடக்க விடுங்க. மாறி மாறி. மாத்திரை தீரறதுக்குள்ள ரத்தம் பாக்க வரணும்."

நால்வரும் முனியம்மாவைப் பார்த்தார்கள். வேடியப்பன் மட்டும் வழியில் கேட்டான். "இன்னாக்கா, அன்னிக்கு வேண்டிகினது இன்னா, இன்னிக்கு நடக்கறது இன்னா?"

"அங்க போய் சொல்றேன்," என்றாள்.

ஏறுவழி முழுவதும் அவள் முன்னால் நடந்தாள். பின்னால் டோலி வந்தது, நின்றது, அண்ணன் இறங்கி நடந்தார், மறுபடி ஏறிக்கொண்டார். கணவாயில் வேப்பமரம் தெரிந்தது. தூக்குகிறவர்கள் வழக்கம்போல் அங்கே டோலியை இறக்கி, தோளைத் தடவிக்கொண்டார்கள். நால்வரும் கல்லுக்கு முன்னால் அரைவட்டமாக நின்றார்கள். அன்றைக்குக் கேட்டவர்கள் அவர்கள். கேட்க வேண்டியதும் அவர்கள்தான்.

முனியம்மா விழவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"ஆத்தா, சொன்னத செய்யல நானு. அவன் காலு தரையில பட்டுச்சி. ஆஸ்பத்திரியிலயும் பட்டுச்சி, வழியிலயும் பட்டுச்சி. நான்தான் எறங்கச் சொன்னேன். சொன்னபடியே செஞ்சிருந்தா அவன பொணமா கட்டித்தான் தூக்கினு வந்திருப்பாங்க. அத நீ கேட்டிருக்க மாட்ட. கேட்டிருந்தாலும் நான் குடுத்திருக்க மாட்டேன். கணக்கு எதாவது கீதுன்னா என்கிட்ட தீத்துக்கோ. அவன்கிட்ட போவாத."

வேப்பிலைகள் அசைந்தன. எப்போதும் அந்தக் கணவாயில் காற்று அடிக்கும். அது பதிலா வெறும் காற்றா என்று யாருக்கும் தெரியாது. வேடியப்பன் மற்றவர்களைப் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கேட்டுகினோம்," என்றான். அன்றைக்குச் சொன்ன அதே குரல்.

கம்பளியை விரித்தார்கள். சக்கரவர்த்தி கையை அசைத்தார். "அந்தத் திருப்பம் வரிக்கும் நடந்து வர்றேன்."

முனியம்மா அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவளால் நிற்க முடியவில்லை. கல்லுக்கு முன்னால் இன்னொரு நொடி நின்றால், சொன்னதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. ஏற்றத்தில் வேகமாகக் காலை வைத்தாள். பின்னால் காலடி ஓசை, கல் உருளும் ஓசை, நடுநடுவே மூச்சு. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் காது பின்னோக்கி நீண்டது. சத்தம் ஒருமுறை சட்டென்று நின்றது. அவள் கால் பாதி எடுத்த அடியில் உறைந்தது. திரும்பிப் பார்க்க நெஞ்சில்லை.

"ஏ முனி!" என்று கத்தினார் சக்கரவர்த்தி, மூச்சிரைக்க. "நில்லுடி! எனக்கும் சேத்து நீயே நடந்துடாத!"